மேட்ரிக்ஸ் வடிகட்டல் ஊர்கிறதா? லூப்பை எடுத்து வேகமாக்க முழுமையான வழிகாட்டி

பெரிய மேட்ரிக்ஸ் ஒன்று. சில நிபந்தனைகளுக்குப் பொருந்தும் வரிசைகளை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒரு லூப், உள்ளே நாலைந்து இஃப், தேறிய வரிசையை விடையில் ஒட்டுவது. ஆயிரம் வரிசைக்கு இது சட்டென்று முடிந்துவிடும். பத்து லட்சம் வந்தால் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

லூப்பை எடு என்று சொன்னதும் பலர் நேராக லூப்பின் மேல் கை வைக்கிறார்கள். இரண்டு நிபந்தனை ஒழுங்காக மாறும், மூன்றாவது மாறாது, விடையில் எங்கிருந்தோ சில வரிசைகள் கூடுதலாக வந்து நிற்கும். பிறகு எதை மாற்றியதால் இப்படி ஆனது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் இங்கே படிகளின் வரிசைதான் முக்கியம். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகாதீர்கள்.

எடுத்துக்காட்டுகள் பைத்தானின் நம்பை நூலகத்தை வைத்தே இருக்கும். மேட்லேப், ஆர் என்ற மற்ற இரண்டு மொழிகளும் வேறு மாதிரி நடந்துகொள்ளும் இடங்களில் மட்டும் தனியாகச் சொல்கிறேன். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். ஆகவே கீழே வரும் வரிகளில் உள்ள பெயர்களுக்கு உங்கள் தரவைக் கொடுத்தால் அப்படியே ஓடும்.

1. தொடங்கும் முன்: பழைய லூப்பைப் பத்திரப்படுத்துங்கள்

மெதுவான பழைய நிரலை அழிக்க வேண்டாம். அதைத் தனி ஃபங்ஷனாக எடுத்து வையுங்கள். புதிய நிரல் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லப் போவது அதுதான்.

அதில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். தேறிய வரிசைகளைத் திருப்பித் தருவதற்குப் பதில், ஒவ்வொரு வரிசைக்கும் ஆம் அல்லது இல்லை என்று ஒரு பட்டியலைத் தரட்டும். வெட்டியெடுத்த வரிசைகளை ஒப்பிட்டால் எத்தனை குறைகிறது என்பது மட்டும் தெரியும். ஆம்–இல்லை பட்டியலை ஒப்பிட்டால், 48,213-ஆம் வரிசையில் பிசகுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

அப்புறம் இரண்டு சோதனைத் தரவு வேண்டும். ஒன்று, கையால் சரிபார்க்கக்கூடிய ஐந்தாறு வரிசை. இன்னொன்று, உண்மையான தரவிலிருந்து எடுத்த சில ஆயிரம் வரிசை. சின்னதில் ஒரு நேன் மதிப்பாவது (எண் இல்லாத, விடுபட்ட கட்டத்தைக் குறிப்பது) கட்டாயம் இருக்கட்டும். ஏன் என்பது 5-ஆம் படியில் தெரியும்.

கடைசியாக, மேட்ரிக்ஸின் தரவு வகையைப் பாருங்கள். எண்களுக்கு நடுவே ஓரிடத்தில் எழுத்து கலந்திருந்தால் நம்பை முழு அணியையும் (அர்ரே, நம்பையில் மேட்ரிக்ஸ் இருக்கும் வடிவம்) எழுத்து வகையாகவோ ஆப்ஜெக்ட் வகையாகவோ மாற்றியிருக்கும். ஆப்ஜெக்ட் வகை என்றால் லூப்பை எடுத்தாலும் பெரிய வேகம் வராது, ஏனென்றால் உள்ளே ஒவ்வொரு கட்டமும் தனித்தனி பைத்தான் பொருள்தான். இன்னொன்று: 16 இலக்க அடையாள எண்களைத் தசம எண் மேட்ரிக்ஸில் வைக்காதீர்கள். 8 பைட் தசம வகை 9,007,199,254,740,992 வரைதான் எல்லா முழு எண்களையும் துல்லியமாகப் பிடிக்கும். அதைத் தாண்டினால் அடுத்தடுத்த இரண்டு எண்கள் ஒன்றாகிவிடலாம்.

2. நேரம் எங்கே போகிறது என்று அளந்து பாருங்கள்

ஒரே அளவில் நேரம் பார்த்தால் போதாது. 10,000 வரிசை, 20,000 வரிசை, 40,000 வரிசை என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போய் நேரத்தைக் குறியுங்கள். பைத்தானில் டைம் மாட்யூலின் பெர்ஃப் கவுண்டர், மேட்லேப்பில் டிக்–டாக் போதும்.

அளவு இரட்டிப்பாகும்போது நேரமும் இரட்டிப்பானால், செலவு ஒவ்வொரு வரிசையிலும் சமமாக விழுகிறது. அணியின் ஒரு கட்டத்தை லூப்புக்குள் தொடும் ஒவ்வொரு முறையும் பைத்தான் ஒரு புதிய பொருளை உருவாக்கி, அதன் வகையைப் பார்த்து, ஒப்பிட்டு, தூக்கியெறிகிறது. அந்தச் சுமையைத்தான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி நீக்குகிறது.

நேரம் நான்கு மடங்கானால் கதை வேறு. பெரும்பாலும் குற்றவாளி, விடை அணியின் வாலில் வரிசைகளை ஒட்டிக்கொண்டே போகும் அந்த ஒரு வரிதான். நம்பை அணிக்கு நீளம் நிலையானது. ஒரு வரிசை ஒட்டினால், அதுவரை சேர்ந்த எல்லாவற்றையும் புதிய இடத்துக்கு நகலெடுக்கும். 1 லட்சம் வரிசை தேறினால் மொத்தம் சுமார் 500 கோடி வரிசை நகல்கள். இதற்கு உடனடி மருந்து உண்டு: தேறியவற்றை சாதாரண பைத்தான் லிஸ்டில் சேர்த்து, லூப் முடிந்ததும் ஒரே முறை அணியாக மாற்றுங்கள். சில வேலைகளுக்கு இந்த ஒரு திருத்தமே போதும், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மேட்லேப் பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2015-இல் வந்த 2015பி பதிப்பிலிருந்து அதன் இயக்க இயந்திரம் சாதாரண லூப்களை நன்றாகவே ஓட்டுகிறது. அங்கே லூப்பைக் குறை சொல்வதற்கு முன் வளரும் அணி இருக்கிறதா என்று பாருங்கள்.

3. நிபந்தனைகளை வகை பிரியுங்கள்

நிரலை மூடிவிட்டு ஒரு காகிதம் எடுங்கள். லூப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு இஃப்பையும் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். பக்கத்தில், அந்த முடிவை எடுக்க எதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று குறியுங்கள். ஐந்து வகைதான் வரும்.

அந்த வரிசையை மட்டும் பார்த்தால் போதும். அந்த வரிசையும் வெளியே உள்ள ஒரு பட்டியலும் வேண்டும். முன்னும் பின்னும் உள்ள வரிசைகள் வேண்டும். ஒரே குழுவைச் சேர்ந்த எல்லா வரிசைகளும் வேண்டும். கடைசியாக, ஏற்கெனவே எந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தோம் என்ற முடிவு வேண்டும்.

முதல் நான்கும் லூப் இல்லாமல் முடியும். ஐந்தாவது அப்படியே முடியாது. நான் பார்த்தவரை, மாட்டிக்கொள்பவர்களில் பாதிப் பேர் ஐந்தாவது வகையை மூன்றாவது என்று நினைத்து மாற்றியவர்கள்.

4. முதல் வகை: முழு நெடுவரிசையிடமும் ஒரே கேள்வி

இந்தச் சின்ன மேட்ரிக்ஸை எடுத்துக்கொள்வோம். நெடுவரிசைகள் முறையே குழு, நேரம், மதிப்பு, நிலை.

1, 0, 18.0, 1
1, 5, 24.5, 1
2, 5, 31.0, 0
2, 10, 22.0, 1
3, 10, நேன், 1
3, 15, 27.5, 1

மதிப்பு 20-க்கு மேல், நிலை 1 என்று இருக்கும் வரிசைகள் வேண்டும். லூப் ஒவ்வொரு வரிசையாகப் போய்க் கேட்கும். நாம் நெடுவரிசையை மொத்தமாகக் கேட்போம். பைத்தான் சுழியத்திலிருந்து எண்ணும், ஆகவே கீழே 2 என்பது மூன்றாவது நெடுவரிசை.

மதிப்பு = அணி[:, 2]
நிலை = அணி[:, 3]
மாஸ்க் = (மதிப்பு > 20) & (நிலை == 1)
விடை = அணி[மாஸ்க்]

முதல் ஒப்பீடு தருவது: இல்லை, ஆம், ஆம், ஆம், இல்லை, ஆம். இரண்டாவது தருவது: ஆம், ஆம், இல்லை, ஆம், ஆம், ஆம். இரண்டும் சேர்ந்தால் 2, 4, 6-ஆம் வரிசைகள் மட்டும் தேறும். இந்த ஆம்–இல்லை அணிதான் மாஸ்க். ஒப்பீடு முழுவதும் நம்பைக்கு உள்ளே ஏற்கெனவே கம்பைல் ஆன சி நிரலில், ஒரே வகை எண்கள் மேல் நடக்கிறது. பொருள் உருவாக்குவது, வகை பார்ப்பது எல்லாம் வரிசைக்கு ஒருமுறை என்பது போய் மொத்தத்துக்கு ஒருமுறை என்றாகிவிடும்.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனிப் பெயரில் ஒரு மாஸ்க் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வரியில் திணித்தால் தப்பு எங்கே என்று தெரியாது. தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையையும் அச்சிட்டுப் பார்க்கலாம். மாஸ்க்கின் கூட்டுத்தொகை என்பது தேறிய வரிசைகளின் எண்ணிக்கை. சுழியம் வந்தால் அந்த நிபந்தனைதான் எல்லாவற்றையும் விழுங்குகிறது.

இங்கே தொடர்ந்து நடக்கும் தவறுகள் இவை.

அடைப்புக்குறியை விடுவது. பைத்தானில் & குறி ஒப்பீட்டைவிட முந்திக்கொள்ளும். அடைப்பு இல்லாவிட்டால் 20 & நிலை என்பதை முதலில் கணக்கிடப் பார்த்து, பெரும்பாலும் பிழை காட்டி நின்றுவிடும். மேட்லேப்பிலும் ஆரிலும் ஒப்பீடுதான் முதலில் நடக்கும். அங்கிருந்து வருபவர்கள் இதில் விழுவார்கள். ஆனால் இரட்டை && குறி அந்த இரண்டு மொழிகளிலும் ஒற்றை மதிப்புக்கானது. ஆர் 4.3.0 முதல், நீளம் ஒன்றுக்கு மேல் போனால் அது பிழையே காட்டும். பைத்தானின் ஆண்ட் என்ற சொல்லும் முழு அணிக்கு உதவாது.

மாஸ்க்கை 0, 1 என்ற முழு எண்களாக வைப்பது. இது பிழையே காட்டாது, அதனால்தான் ஆபத்து. நம்பை அந்த எண்களை வரிசை எண்களாக எடுத்துக்கொண்டு, முதல் இரண்டு வரிசைகளையே மறுபடி மறுபடி அடுக்கித் தந்துவிடும். மாஸ்க்கை முன்கூட்டி உருவாக்கினால் பூலியன் (ஆம்–இல்லை) வகை என்று கட்டாயம் குறிப்பிடுங்கள்.

மேட்லேப்பில் காற்புள்ளிக்குப் பின் வரும் கோலனை மறப்பது. அணி(மாஸ்க், :) என்று எழுத வேண்டிய இடத்தில் அணி(மாஸ்க்) என்று விட்டால், முதல் நெடுவரிசையின் மதிப்புகள் மட்டும் வரும். பார்க்க விடை மாதிரியே இருக்கும்.

திசையை மாற்றிக் குழப்புவது. ஒரு வரிசையில் உள்ள எல்லாக் கட்டங்களும் நேர் எண்ணா என்று கேட்க, (அணி > 0) என்பதன் மேல் 'ஆல்' ஃபங்ஷனை ஆக்சிஸ் 1 என்று கொடுத்து ஓட்ட வேண்டும். 0 கொடுத்தால் நெடுவரிசை வாரியாகப் போகும். விடையின் நீளத்தைப் பாருங்கள். அது வரிசைகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தால்தான் சரி.

5. தாண்டிப் போகும் இஃப்களைத் திருப்பும்போது கவனம்

பல லூப்கள் 'வேண்டும்' என்று எழுதப்பட்டிருக்காது. 'மதிப்பு 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் தாண்டிப் போ, நிலை 1 இல்லை என்றால் தாண்டிப் போ' என்று கண்டின்யூ வைத்து எழுதியிருப்பார்கள். இதை மாஸ்க் ஆக்கும்போது இரண்டு இடத்தில் வழுக்கும்.

ஒன்று, சேர்க்கும் குறி. இரண்டில் ஒன்று இருந்தாலும் தாண்டு என்பதைத் திருப்பினால், இரண்டும் இல்லாவிட்டால்தான் எடு என்று ஆகும். அல்லது என்பது மற்றும் ஆக மாற வேண்டும். நிறையப் பேர் ஒப்பீட்டை மட்டும் திருப்பிவிட்டு | குறியை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று நேன். நேனை எதோடு பெரியதா சிறியதா சமமா என்று ஒப்பிட்டாலும் விடை 'இல்லை'தான். நம் மேட்ரிக்ஸின் 5-ஆம் வரிசையைப் பாருங்கள். மதிப்பு > 20 என்று கேட்டால் இல்லை, ஆகவே தேறாது. ஆனால் மதிப்பு <= 20 என்றால் தாண்டு என்று எழுதிய லூப்பில், அந்த ஒப்பீடும் இல்லை என்றே வரும், ஆகவே தாண்டாது. பழைய லூப் 4 வரிசை தரும், புதிய மாஸ்க் 3 வரிசை தரும். இரண்டும் ஒரே கணக்கு போலத்தான் தெரிகிறது.

எது சரி என்பதை நிரல் முடிவு செய்யக் கூடாது, நீங்கள் முடிவு செய்யுங்கள். பழையதை அப்படியே பின்பற்ற வேண்டுமானால் தாண்டும் நிபந்தனையை எழுதி, முன்னால் ~ போட்டுத் திருப்புங்கள்.

மாஸ்க் = ~((மதிப்பு <= 20) | (நிலை != 1))

நேன் வேண்டவே வேண்டாம் என்றால் 'இஸ்நேன்' வைத்து அதற்கென்று ஒரு தனி மாஸ்க் எழுதிவிடுங்கள். அடுத்து படிப்பவருக்கும் உங்கள் எண்ணம் புரியும். ஆரில் இது இன்னொரு விதமாகக் கடிக்கும்: அங்கே மாஸ்க்கில் என்ஏ (விடுபட்ட மதிப்பின் குறி) இருந்தால் அந்த இடத்தில் முழுக்க என்ஏ நிரம்பிய ஒரு வரிசையே விடையில் வந்து உட்காரும். 'விச்' ஃபங்ஷன் வழியாகப் போனால் அது விலகிவிடும்.

லூப்பில் ஒரு வசதி இருந்தது, அதையும் இங்கே இழக்கிறோம். முதல் நிபந்தனை தோற்றால் அடுத்ததைப் பார்க்காது. 'கீழ் எண் சுழியம் இல்லை, வகுத்தால் 3-க்கு மேல்' என்ற சோடியை மாஸ்க்காக எழுதினால் வகுத்தல் எல்லா வரிசையிலும் நடக்கும், சுழியத்தால் வகுத்ததாக எச்சரிக்கை வரும். இரண்டு மாஸ்க்கையும் சேர்த்தால் விடை சரியாகவே இருக்கும். ஆனால் எச்சரிக்கைகளை மொத்தமாக அமுக்கிவிடும் பழக்கம் வேண்டாம், வேறு உண்மையான எச்சரிக்கையும் மறைந்துவிடும். முதலில் மலிவான மாஸ்க்கைப் போட்டு, தேறிய இடங்களின் எண்களை எடுத்து, அவற்றில் மட்டும் வகுத்தலைச் செய்யுங்கள். விலை அதிகமான எந்தக் கணக்குக்கும் இதே வழிதான்.

6. இரண்டாம் வகை: பட்டியலில் இருக்கிறதா?

அடையாள எண் ஒரு பட்டியலில் இருந்தால் மட்டும் எடு என்ற நிபந்தனை. லூப்புக்குள் பைத்தான் லிஸ்டில் தேடினால் ஒவ்வொரு வரிசைக்கும் பட்டியலைத் தலையிலிருந்து தேடும். பட்டியல் நீளமாக நீளமாக நேரமும் நீளும்.

நம்பையில் 'இஸ்இன்', மேட்லேப்பில் 'இஸ்மெம்பர்' என்று இதற்கென்றே ஃபங்ஷன் இருக்கிறது. ஆரில் % குறிகளுக்கு நடுவே இன் போட்ட குறி. நெடுவரிசையைக் கொடுங்கள், பட்டியலைக் கொடுங்கள், மாஸ்க் கிடைக்கும். பட்டியலை பைத்தான் செட்டாகக் கொடுக்காதீர்கள். நம்பை அதைப் பிரித்துப் பார்க்காமல் ஒற்றைப் பொருளாக எடுத்துக்கொள்ளும், எல்லாமே இல்லை என்று வரும். லிஸ்டாக அல்லது அணியாக மாற்றிக் கொடுங்கள்.

தசம எண்களை இப்படித் தேட வேண்டாம். 0.1 + 0.2 என்பது 0.3-க்குச் சமமாக இருக்காது. முழு எண் அடையாளங்களுக்கு மட்டும் இதை வையுங்கள்.

7. மூன்றாம் வகை: அக்கம்பக்கத்து வரிசைகள்

முந்தைய வரிசையைவிட 5-க்கு மேல் தாவியிருந்தால் எடு என்று வைத்துக்கொள்வோம். நெடுவரிசையையே ஒரு படி நகர்த்தி அதோடே கழித்தால் முடிந்தது.

தாவல் = மதிப்பு[1:] - மதிப்பு[:-1]
மாஸ்க்[1:] = தாவல் > 5

n வரிசைக்கு n-1 வித்தியாசம்தான் இருக்கும். அதனால் மாஸ்க்கை முதலில் முழு நீளத்தில் 'இல்லை' என்று நிரப்பி உருவாக்கி, இரண்டாவது இடத்திலிருந்து எழுத வேண்டும். முதல் வரிசைக்கு முன்னால் யாரும் இல்லை, அது தேறுமா தேறாதா என்பது உங்கள் முடிவு. பழைய லூப் ஒன்றிலிருந்து தொடங்கியதா சுழியத்திலிருந்து தொடங்கியதா என்று பாருங்கள். சுழியத்திலிருந்து தொடங்கியிருந்தால், பைத்தானில் -1 என்ற இடம் கடைசி வரிசையைக் குறிக்கும். முதல் வரிசையைக் கடைசி வரிசையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த பழைய பிழை ஒன்று வெளியே வரலாம்.

குறி இல்லாத (அன்சைன்ட், அதாவது எதிர்ம எண்ணை ஏற்காத) முழு எண் வகைகளில் கழித்தல் செய்யாதீர்கள். 8 பிட் வகையில் 3-லிருந்து 5-ஐக் கழித்தால் -2 வராது, 254 வரும். அது 5-க்கு மேல்தானே, தேறிவிடும். கழிப்பதற்கு முன் குறி உள்ள பெரிய வகைக்கு மாற்றுங்கள்.

'இதுவரை வந்த எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருந்தால் எடு' என்பதும் லூப் இல்லாமல் முடியும். 5, 3, 7, 7, 6, 9 என்ற நெடுவரிசைக்கு ஓடும் உச்சம் 5, 5, 7, 7, 7, 9. நம்பையில் 'மேக்ஸிமம்' என்பதன் 'அக்யூமுலேட்' இதைத் தரும். ஒவ்வொரு மதிப்பையும் அதற்கு முந்தைய உச்சத்தோடு ஒப்பிட்டால் 7, 9 தேறும், முதல் 5-ஐ நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு நேன் வந்தால் அதற்குப் பின் எல்லாமே நேனாகிவிடும். அப்போது 'எஃப்மேக்ஸ்' வகையைப் பயன்படுத்துங்கள், அது நேனைக் கண்டுகொள்ளாது.

8. நான்காம் வகை: குழுவாகப் பார்ப்பது

குறைந்தது 3 வரிசை உள்ள குழுக்களை மட்டும் வைத்துக்கொள். லூப்பில் இது இரட்டை லூப்பாகத்தான் இருக்கும்: ஒவ்வொரு வரிசைக்கும் முழு மேட்ரிக்ஸையும் சுற்றி எண்ணுவது. மாற்று இரண்டே வரி. குழு எண்களை முழு எண் வகைக்கு மாற்றி 'பின்கவுண்ட்' கொடுத்தால் ஒவ்வொரு குழுவுக்கும் எண்ணிக்கை வரும். அந்த எண்ணிக்கை அணியைக் குழு எண்ணாலேயே மறுபடி அணுகினால், ஒவ்வொரு வரிசைக்கும் அதன் குழுவின் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

மாஸ்க் = எண்ணிக்கை[குழு] >= 3

குழுவிலிருந்து வரிசைக்குத் திரும்பி வரும் இந்த வித்தையைக் கையில் பழக்கிக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை, சராசரி எதுவானாலும் இதே பாதைதான். மேட்லேப்பில் 'அக்யூம்அர்ரே' இதே வேலையைச் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. பின்கவுண்ட் சுழியத்திலிருந்து மிகப் பெரிய குழு எண் வரை இடம் ஒதுக்கும். எதிர்ம எண் இருந்தால் பிழை. குழு எண் 100 கோடி என்று ஒன்றே ஒன்று இருந்தாலும் 8 ஜிபி மெமரி கேட்கும். அடையாள எண்கள் பெரியவை என்றால் முதலில் 'யூனிக்' ஃபங்ஷனில் தலைகீழ் எண்களையும் (ஒவ்வொரு வரிசையின் அடையாளமும் தனித்த பட்டியலில் எத்தனையாவது இடம் என்பது) கேட்டு வாங்கி, அந்த நெருக்கமான சின்ன எண்களைக் குழு எண்களாகப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு குழுவிலும் மதிப்பு மிக அதிகமாக உள்ள வரிசை வேண்டும் என்றால் அடுக்கித்தான் ஆக வேண்டும். குழு வாரியாகவும், குழுவுக்குள் மதிப்பு வாரியாகவும் அடுக்குங்கள். அடுத்த வரிசையின் குழு மாறும் இடம்தான் அந்தக் குழுவின் கடைசி, அதுவே உச்சம். நம்பையின் 'லெக்ஸ்சார்ட்' கடைசியாகக் கொடுத்த சாவியைத்தான் முதன்மையாக எடுக்கும். மதிப்பை முதலிலும் குழுவைக் கடைசியிலும் கொடுங்கள். நேன் வரிசைகளை இதற்கு முன்பே நீக்கிவிடுங்கள், அடுக்கும்போது நேன் கடைசிக்குப் போய் உச்சமாக நின்றுகொள்ளும். கிடைத்த இடங்களை மாஸ்க்கில் ஆம் என்று குறித்தால் மூல வரிசைமுறை கெடாது.

9. ஐந்தாம் வகை: முந்தைய முடிவைச் சார்ந்தது

கடைசியாகத் தேர்ந்தெடுத்த வரிசையிலிருந்து குறைந்தது 10 நொடி தள்ளியிருந்தால் எடு. படித்தால் 7-ஆம் படி போலவே இருக்கிறது. நேரங்கள் 0, 6, 12, 18, 24 என்று வைத்துப் பாருங்கள். அடுத்தடுத்த வித்தியாசம் எல்லாமே 6. அந்த வழியில் போனால் முதல் வரிசையைத் தவிர எதுவும் தேறாது. சரியான விடை 0, 12, 24. 12 தேறுவதற்குக் காரணம் 6-ஐ விட்டுவிட்டோம் என்பதுதான். அந்த முடிவு தெரியாமல் இதைச் சொல்ல முடியாது.

இங்கே லூப் இருக்கட்டும், அதன் சுற்றுகளைக் குறையுங்கள். முதலில் மற்ற நான்கு வகை நிபந்தனைகளையும் மாஸ்க்காகப் போட்டு மேட்ரிக்ஸைச் சுருக்கிவிடுங்கள். ஆனால் பழைய லூப்பில் இந்த நிபந்தனை மற்றவற்றுக்கு முன்பு இருந்ததா பின்பு இருந்ததா என்று பாருங்கள். இடம் மாறினால் விடையும் மாறும். நேரம் ஏறுவரிசையில் இருந்தால் ஒவ்வொரு வரிசையாகப் போகவும் தேவையில்லை: 'சர்ச்சார்ட்டட்' ஃபங்ஷனிடம் கடைசி நேரம் + 10 என்பது எங்கே வருகிறது என்று கேட்டு நேரே அங்கே தாவலாம். பத்து லட்சம் வரிசையில் ஆயிரம்தான் தேறும் என்றால் லூப்பும் ஆயிரம் சுற்றுதான்.

அதுவும் முடியாத சிக்கலான விதி என்றால், லூப்பை அப்படியே நம்பா கம்பைலரிடம் கொடுங்கள். அது லூப்பையே இயந்திர மொழிக்கு மாற்றிவிடும். முதல் அழைப்பில் கம்பைல் நேரமும் சேரும், ஆகவே இரண்டாவது அழைப்பின் நேரத்தைப் பாருங்கள்.

'வெக்டரைஸ்', 'அப்ளை அலாங் ஆக்சிஸ்' என்ற இரண்டையும் பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம். இரண்டுமே உங்கள் பைத்தான் ஃபங்ஷனை ஒவ்வொரு முறையும் கூப்பிடும் லூப்தான். எழுத வசதி, வேகத்துக்கு இல்லை.

10. கடைசியில் ஒரே ஒரு வெட்டு

மாஸ்க் வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் நம்பை புதிய நகல் எடுக்கிறது. ஆகவே நிபந்தனைக்கு ஒருமுறை மேட்ரிக்ஸை வெட்டாதீர்கள். மாஸ்க்குகளை எல்லாம் சேர்த்து, கடைசியில் ஒருமுறை வெட்டுங்கள். 10 லட்சம் வரிசை, 6 நெடுவரிசை உள்ள தசம மேட்ரிக்ஸ் 48 எம்பி. அதன் மாஸ்க் 1 எம்பிதான். மாஸ்க்குகளை எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 9-ஆம் படி போல, விலை அதிகமான வேலைக்கு முன் சுருக்குவது மட்டும் விதிவிலக்கு.

நகல் என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. தேறிய வரிசைகளின் மதிப்பைச் சுழியமாக்க நினைத்து கீழே உள்ளவற்றில் முதல் வரியை எழுதினால் மூல மேட்ரிக்ஸில் எதுவும் மாறாது, நகல் மாறி மறைந்துவிடும். இரண்டாவதுதான் சரி.

அணி[மாஸ்க்][:, 2] = 0
அணி[மாஸ்க், 2] = 0

திடீரென்று மெமரி நிரம்பிக் கணினி திணறினால், வடிவங்களைப் பாருங்கள். ஒரு நெடுவரிசையை அணி[:, 2] என்றும் இன்னொன்றை அணி[:, 3:4] என்றும் எடுத்திருப்பீர்கள். ஒன்று ஒற்றைப் பரிமாணம், மற்றது இரட்டை. இரண்டையும் ஒப்பிட்டால் நம்பை ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு சதுர மேட்ரிக்ஸைத் தரும். 1 லட்சம் வரிசைக்கே 1,000 கோடி கட்டம், 10 ஜிபி. சின்னத் தரவில் இது பிழை காட்டாமல் போய்விடுவதால், மாஸ்க் ஒற்றைப் பரிமாணம்தானா என்று ஒரு சோதனை வரியைச் சேர்த்துவிடுங்கள்.

மேட்ரிக்ஸே மெமரிக்குள் அடங்காது என்றால் லட்சம் லட்சமாகப் பிரித்து ஓட்டுங்கள். வெளியே ஒரு லூப் வரும், ஆனால் அது பத்திருபது முறை மட்டும் சுற்றும், அதற்குச் செலவே இல்லை. அக்கம்பக்க நிபந்தனை இருந்தால் ஒவ்வொரு துண்டோடும் முந்தைய துண்டின் கடைசி வரிசையைச் சேர்த்து அனுப்ப வேண்டும். குழு நிபந்தனை இருந்தால் ஒரு குழு இரண்டு துண்டில் பிரியக் கூடாது.

11. பழையதோடு ஒப்பிடுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும்

எல்லா நிபந்தனையையும் மாற்றி முடித்துவிட்டு ஒப்பிடலாம் என்று இருக்காதீர்கள். ஒரு இஃப்பை மாஸ்க்காக மாற்றியதும் 1-ஆம் படியில் வைத்த லூப்பின் ஆம்–இல்லை பட்டியலோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் முதலில் வேறுபடும் வரிசை எண்ணை எடுத்து, அந்த வரிசையையும் அதன் இரு பக்கத்து வரிசைகளையும் அச்சிட்டுப் பாருங்கள். அங்கே நேன் இருந்தால் 5-ஆம் படி, அது முதல் அல்லது கடைசி வரிசையாக இருந்தால் 7-ஆம் படி என்று காரணம் பெரும்பாலும் உடனே பிடிபடும்.

மேட்ரிக்ஸ்களையே ஒப்பிடுவதானால், நேன் நேனுக்குச் சமமில்லை என்பதை மறக்காதீர்கள். நம்பையின் 'அர்ரே ஈக்வல்' ஃபங்ஷனில் நேன்களைச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் விருப்பம் இருக்கிறது.

அப்புறம் ஓரங்கள். ஒரு வரிசையும் தேறாத தரவு, எல்லாம் தேறும் தரவு, ஒரே வரிசை உள்ள மேட்ரிக்ஸ், வெற்று மேட்ரிக்ஸ் நான்கையும் ஓட்டுங்கள். ஆரில் ஒரே வரிசை தேறினால் மேட்ரிக்ஸ் வெறும் வெக்டராகச் சுருங்கிவிடும். டிராப் என்பதை ஃபால்ஸ் என்று கொடுத்தால் அப்படியே நிற்கும்.

எல்லாம் ஒத்துப்போனதும் 2-ஆம் படியின் அளவுகளிலேயே மறுபடி நேரம் பாருங்கள். 10,000-க்கு மட்டும் பார்க்காமல் உண்மையான முழு அளவுக்கும் ஓட்டுங்கள். அதற்குப் பின் பழைய லூப்பை டெஸ்ட் ஃபைலுக்கு நகர்த்துங்கள். நாளைக்கு யாராவது புதிய நிபந்தனை ஒன்றைச் சேர்க்கும்போது, அதை முதலில் லூப்பில் எழுதி, பிறகு மாஸ்க்காக எழுதி, இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ள அது அங்கே இருக்க வேண்டும்.